செரோடோனின் கடத்துப்புரத மரபணுவின் முன்னியக்கி

செரோடோனின் கடத்துப்புரத மரபணுவின் முன்னியக்கி என்பது, மாந்த மரபுத்தொகையில் எஸ்.எல்.சி.6ஏ4 எனக் குறிக்கப்படும் மரபணுவிற்கு முன்னால் அமைந்துள்ள ஒரு டி.என்.ஏ வரிசை ஆகும். அம்மரபணு எந்த உயிரணுவில், எப்பொழுது, எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இவ்வரிசை முதன்மைப் பங்கு வகிக்கிறது. இம்மரபணு 17ஆம் நிறப்புரியின் நீள்கரத்தில் உள்ளது. இது உருவாக்கும் புரதம், நரம்பணுக்கள் வெளியிட்ட செரோடோனினை மீண்டும் அவற்றின் உள்ளே இழுத்துக்கொள்கிறது. முன்னியக்கி, புரோமோட்டர் என்னும் பெயராலும் அறியப்படுகிறது.

இம்முன்னியக்கிப் பகுதியின் நீளம் எல்லா மனிதரிடமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வேறுபாடு மரபணுவின் செயலளவை மாற்றுகிறது என்று 1996 இல் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, இவ்வேறுபாடே ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கருத்து பரவியது. பின்னர் மிகப் பெரிய எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் இக்கருத்தை உறுதிசெய்யவில்லை. முன்னியக்கிகள் மூளையின் மரபணுக்களை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதற்கும், அக்கட்டுப்பாட்டிலிருந்து மனநிலையைக் கணிக்க முயல்வதில் உள்ள இடர்ப்பாட்டிற்கும் இம்மரபணு ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

முன்னியக்கியின் பணி

ஒரு மரபணுவின் டி.என்.ஏவில் இருவகைச் செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, எந்தப் புரதத்தை உருவாக்குவது என்பது. மற்றொன்று, அதனை எங்கு, எப்பொழுது, எவ்வளவு உருவாக்குவது என்பது. முதலாவது செய்தி மரபணுவின் குறியீட்டுப் பகுதியில் உள்ளது. இரண்டாவது செய்தியின் பெரும்பகுதி முன்னியக்கியிலும், மேம்படுத்திகள் எனப்படும் பிற கட்டுப்பாட்டு வரிசைகளிலும் உள்ளது. மின்விசிறியின் இறக்கைகளை மாற்றாமலேயே சுவரில் உள்ள திருகியைக் கொண்டு அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலும். அதுபோல, புரதத்தின் அமைப்பை மாற்றாமலேயே அதன் அளவை முன்னியக்கி மாற்றுகிறது.

மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் வரிசைகள் உண்டு என்பதை பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகியோர் 1961 இல் பாக்டீரியாவை ஆராய்ந்து விளக்கினர். அவ்விருவரும் ஆந்த்ரே லுவோஃப் என்பவரும் 1965 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

மனித உயிரணுக்களில் புரதக் குறியீடு கொண்ட மரபணுக்களைப் படியெடுக்கும் நொதி ஆர்.என்.ஏ பாலிமரேசு 2 ஆகும். இந்நொதி தானாகவே மரபணுவின் தொடக்கத்தைக் கண்டறிவதில்லை. முதலில் பொதுப் படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள் முன்னியக்கியில் அமர்கின்றன. அவை பாலிமரேசை உரிய இடத்தில் நிறுத்துகின்றன. சில முன்னியக்கிகளில், படியெடுப்பு தொடங்கும் இடத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 30 எழுத்துகள் முன்பாக டாட்டா பெட்டி என்னும் குறுவரிசை காணப்படும். மாந்த மரபணுக்களில் சிறுபான்மையானவற்றிலேயே இப்பெட்டி உள்ளது. ஏனைய பலவற்றில் சைட்டோசின், குவானின் ஆகிய எழுத்துகள் செறிந்த பகுதிகள் முன்னியக்கியாகச் செயல்படுகின்றன.

இவற்றைத் தவிர, குறிப்பிட்ட உயிரணுக்களில் மட்டும் காணப்படும் சிறப்புப் படியெடுப்புக் காரணிகளும் உள்ளன. இவை ஒவ்வொன்றும் 6 முதல் 20 வரையான எழுத்துகள் கொண்ட குறுவரிசைகளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்கின்றன. சில காரணிகள் படியெடுப்பைத் தூண்டுகின்றன. சில அதனைத் தடுக்கின்றன. முன்னியக்கியில் ஓர் எழுத்து மாறினாலும் ஒரு காரணி பற்றிக்கொள்ளும் இடம் அழியவோ புதிதாகத் தோன்றவோ கூடும்.

செரோடோனினும் அதன் மரபணுக்களும்

செரோடோனின் ஒரு நரம்புக்கடத்தி. அதாவது, ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொரு நரம்பணுவிற்குச் செய்தியைக் கொண்டுசெல்லும் வேதிப்பொருள். இது புரதம் அன்று. எனவே செரோடோனினுக்கென ஒரு தனி மரபணு கிடையாது. டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இரு நொதிகள் அடுத்தடுத்துச் செயல்பட்டு இதனை உருவாக்குகின்றன. ஆகவே செரோடோனின் மரபணுக்கள் என்று கூறும்பொழுது அதனை உருவாக்கும் நொதிகள், அதனை உணரும் ஏற்பிகள், அதனை மீட்டெடுக்கும் கடத்துப்புரதம் ஆகியவற்றின் மரபணுக்களையே குறிக்கிறோம்.

உடலில் உள்ள செரோடோனினின் மிகப் பெரும்பகுதி குடலில் உள்ளது. குருதித் தட்டுகளும் இதனைச் சேமித்து வைக்கின்றன. மூளையில் இதனை உருவாக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டிய ராஃபே உட்கருக்கள் என்னும் பகுதியில் உள்ளன. மனித மூளையில் மொத்தம் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் செரோடோனின் நரம்பணுக்கள் சில இலட்சம் மட்டுமே. எனினும் இவற்றின் இழைகள் மூளையின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளையும் சென்றடைகின்றன.

வெளியிடப்பட்ட செரோடோனின் நரம்பிணைப்பு இடைவெளியில் நெடுநேரம் தங்கினால் செய்தி நீண்டுகொண்டே போகும். அதனைத் திரும்ப உள்ளிழுத்துச் செய்தியை முடித்துவைப்பது கடத்துப்புரதத்தின் பணி. இது 630 அமினோ அமிலங்களால் ஆனது. உயிரணு மென்சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கிறது. ஃபுளூவாக்செட்டின் முதலிய மனச்சோர்வு மருந்துகள் இப்புரதத்தைத் தடுப்பதன் மூலமே செரோடோனினின் அளவை நரம்பிணைப்பில் கூட்டுகின்றன. இதனால், இப்புரதத்தின் அளவைத் தீர்மானிக்கும் முன்னியக்கியின் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

ஒரே டி.என்.ஏ, வெவ்வேறு உயிரணுக்கள்

கல்லீரல் உயிரணுவிலும் ராஃபே நரம்பணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. ஆயினும் மூளைக்குரிய செரோடோனின் நொதியைக் கல்லீரல் உருவாக்குவதில்லை. இதற்கு இரண்டு வழிமுறைகளை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

முதலாவது, தூண்டும் வழிமுறை. பெட்-1 என்னும் படியெடுப்புக் காரணி மூளையில் ஏறக்குறைய செரோடோனின் நரம்பணுக்களில் மட்டுமே காணப்படுகிறது. செரோடோனினை உருவாக்கும் நொதிகள், கடத்துப்புரதம் ஆகியவற்றின் மரபணுக்களுக்கு முன்னால் இக்காரணி பற்றிக்கொள்ளும் குறுவரிசைகள் உள்ளன. ஒரே சாவி பல பூட்டுகளைத் திறப்பதுபோல, ஒரே காரணி இம்மரபணுக்கள் அனைத்தையும் ஒருங்கே இயக்குகிறது. பெட்-1 நீக்கப்பட்ட சுண்டெலிகளில் பெரும்பாலான செரோடோனின் நரம்பணுக்கள் தம் இயல்பைப் பெறவில்லை என்பது 2003 இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது.

இரண்டாவது, தடுக்கும் வழிமுறை. நரம்பணு அல்லாத உயிரணுக்களில் ரெஸ்ட் என்னும் புரதம் உள்ளது. இது 1995 இல் இரு ஆய்வுக்குழுக்களால் தனித்தனியே கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 21 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசையைப் பற்றிக்கொண்டு, நரம்பணுக்களுக்கே உரிய பல மரபணுக்களை இது அடக்கி வைக்கிறது. நரம்பணுவாக மாறும் உயிரணுவில் ரெஸ்ட் குறைகிறது. அடக்கப்பட்டிருந்த மரபணுக்கள் அப்பொழுது செயல்படத் தொடங்குகின்றன.

இவை தவிர, டி.என்.ஏவின் சைட்டோசின் எழுத்துகளில் மெத்தில் தொகுதி சேர்வதும், டி.என்.ஏ சுற்றியிருக்கும் இசுட்டோன் புரதங்களில் ஏற்படும் வேதி மாற்றங்களும் முன்னியக்கியைத் திறந்தோ மூடியோ வைக்கின்றன. ஆகவே முன்னியக்கியின் எழுத்து வரிசையை மட்டும் கொண்டு மரபணுவின் செயலளவைக் கூறிவிட இயலாது. அவ்வரிசையை அந்த உயிரணு எவ்வாறு படிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நீளமும் குட்டையும்

செருமனியின் வூர்ட்சுபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளவுசு-பீட்டர் லெசு, அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த டென்னிசு மர்பி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் கடத்துப்புரத மரபணுவின் முன்பகுதியை ஆராய்ந்தனர். படியெடுப்பு தொடங்கும் இடத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் முன்பாக, 20 முதல் 23 எழுத்துகள் கொண்ட ஓர் அலகு திரும்பத்திரும்ப வருவதை அவர்கள் கண்டனர். சிலரிடம் இவ்வலகு 14 முறையும், சிலரிடம் 16 முறையும் இருந்தது. முதலாவது குறு மாற்றுரு என்றும், இரண்டாவது நெடு மாற்றுரு என்றும் பெயர் பெற்றன. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு 44 எழுத்துகள் என அப்பொழுது அறிவிக்கப்பட்டது. இப்பகுதி 5-எச்.டி.டி.எல்.பி.ஆர் என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது.

ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு படிகளைப் பெறுவதால், நெடு-நெடு, நெடு-குறு, குறு-குறு என மூவகையினர் உண்டு. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட நிணநீர் உயிரணுக்களில், நெடு-நெடு வகையின் செரோடோனின் உள்ளிழுப்பு மற்ற இரு வகைகளைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இவ்வேறுபாடு புரதத்தின் அமைப்பை எவ்வகையிலும் மாற்றுவதில்லை. மாறுவது அளவு மட்டுமே.

1996 இல் இக்குழு 505 பேரிடம் நடத்திய ஆய்வில், குறு மாற்றுரு உடையோரிடம் பதற்றம் சார்ந்த பண்புகள் சற்று மிகுதியாக உள்ளன என்று கூறியது. இப்பண்புகளில் மக்களிடையே காணப்படும் மொத்த வேறுபாட்டில் 3 முதல் 4 விழுக்காட்டையே இம்மரபணு விளக்குகிறது என்றும் அதே கட்டுரை குறிப்பிட்டது. பிற மரபணுக்களும் இதே அளவு பங்களித்தால், ஏறத்தாழ 10 முதல் 15 மரபணுக்கள் இதில் ஈடுபட்டிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு.

பின்னர் இப்பகுதி இருவகை மட்டுமல்ல என்பது தெளிவாயிற்று. நெடு மாற்றுருவிற்குள்ளேயே அடினின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் குவானின் உள்ள வகை ஒன்று உண்டு. இவ்வோர் எழுத்து மாற்றம் ஏ.பி-2 என்னும் படியெடுப்புக் காரணி பற்றிக்கொள்ளும் இடத்தை உருவாக்குகிறது. 2006 இல் வெளியான ஆய்வின்படி, இவ்வகை நெடு மாற்றுரு செயலளவில் குறு மாற்றுருவை ஒத்துள்ளது. மேலும், இதே மரபணுவின் இரண்டாம் இன்ட்ரானில் 17 எழுத்துகள் கொண்ட மற்றோர் அலகும் திரும்பத்திரும்ப வருகிறது. இதன் எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

மூளைப் படிமமும் டனீடின் ஆய்வும்

2002 இல் அகமது அரீரி உள்ளிட்ட ஆய்வாளர்கள், அச்சம் காட்டும் முகங்களைப் பார்க்கும்பொழுது குறு மாற்றுரு உடையோரின் அமிக்டலா கூடுதலாகக் கிளர்வுறுகிறது என்று மூளைப் படிமங்களின் வழி காட்டினர். அமிக்டலா என்பது அச்ச உணர்வுடன் தொடர்புடைய மூளைப்பகுதி ஆகும். இவ்வாய்வில் பங்கேற்றோர் 28 பேர்.

2003 இல் அவ்சலோம் காசுப்பி, டெரி மொஃபிட் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு மேலும் பரவலாக அறியப்பட்டது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73 இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் நீண்டகாலத் திட்டத்தைச் சேர்ந்த 847 பேரின் தரவுகளை இக்குழு ஆராய்ந்தது. 21 வயதுக்கும் 26 வயதுக்கும் இடையே வேலை இழப்பு, பொருள் இழப்பு, உறவு முறிவு போன்ற துன்ப நிகழ்வுகள் நான்கோ அதற்கு மேலோ நேர்ந்தவர்களில், குறு மாற்றுரு உடையோரில் 33 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாகினர். நெடு-நெடு வகையினரில் இது 17 விழுக்காடாக இருந்தது. துன்ப நிகழ்வுகள் நேராதவர்களிடம் மரபணு வகையால் வேறுபாடு காணப்படவில்லை.

மரபணு தனித்துச் செயல்படுவதில்லை, சூழலுடன் இணைந்தே செயல்படுகிறது என்னும் கருத்திற்கு இது சான்றாகக் காட்டப்பட்டது. செய்தித்தாள்களில் மனச்சோர்வு மரபணு என்னும் தொடர் இடம்பெறலாயிற்று.

ஐயங்களும் பெரிய ஆய்வுகளும்

2009 இல் நீல் ரிசு உள்ளிட்டோர், அதுவரை வெளியான 14 ஆய்வுகளைச் சேர்ந்த 14,250 பேரின் தரவுகளை ஒருங்கிணைத்து ஆராய்ந்தனர். துன்ப நிகழ்வுகள் மனச்சோர்வின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் முன்னியக்கி வகைக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு காணப்படவில்லை. முன்னியக்கி வகை துன்ப நிகழ்வின் விளைவை மாற்றுகிறது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை.

2011 இல் 54 ஆய்வுகளை வேறு முறையில் தொகுத்த மற்றொரு குழு, தொடர்பு உண்டு என்றது. இதனால் கருத்து வேறுபாடு நீடித்தது. இதனைத் தீர்க்கும் பொருட்டு, ஆய்வுமுறையை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 31 தரவுத் தொகுப்புகளிலிருந்து ஐரோப்பிய வழிவந்த 38,802 பேரின் தரவுகள் ஒரே முறையில் ஆராயப்பட்டன. 2018 ஆம் ஆண்டு இதழில் அச்சான அதன் முடிவு, வலுவான தொடர்பு எதுவும் இல்லை என்பதாகும்.

2019 இல் ரிச்சர்டு போர்டர் உள்ளிட்டோர், மனச்சோர்வுடன் தொடர்புடையவையாகக் கருதப்பட்டு மிகுதியாக ஆராயப்பட்ட 18 மரபணுக்களைச் சோதித்தனர். ஒவ்வொரு சோதனையிலும் 62,138 முதல் 4,43,264 வரையானோரின் தரவுகள் பயன்பட்டன. கடத்துப்புரத மரபணு உட்பட, இவற்றில் எதற்கும் தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்ட மரபணுக்களைவிடக் கூடுதலான தொடர்பு காணப்படவில்லை.

முடிவுகள் வேறுபட்டதன் காரணங்கள்

தொடக்க ஆய்வுகளில் பங்கேற்றோரின் எண்ணிக்கை சில நூறுகளைத் தாண்டாதது முதற்காரணம். மிகச் சிறிய விளைவைச் சிறிய குழுவில் தேடும்பொழுது தற்செயல் வேறுபாடு உண்மை வேறுபாடாகத் தோன்றக்கூடும். 20 ஒப்பீடுகள் செய்து, ஒவ்வொன்றிலும் 5 விழுக்காட்டுப் பிழையை ஏற்றுக்கொண்டால், உண்மையில் எத்தொடர்பும் இல்லாதபொழுதும் சராசரியாக ஓர் ஒப்பீடு தொடர்பு இருப்பதாகக் காட்டும். அந்த ஒன்று மட்டும் இதழில் வெளியாகி, ஏனைய 19 வெளிவராமல் போனால் படிப்போர்க்குத் தவறான எண்ணமே உண்டாகும்.

மக்களினங்களிடையே மாற்றுருக்களின் பரவல் வேறுபடுவது மற்றொரு காரணம். ஐரோப்பியரிடையே குறு மாற்றுருவின் பங்கு பாதிக்கும் சற்றுக் குறைவு. கிழக்காசியரிடையே அது மிகப் பெரும்பான்மை. இருசாராரும் கலந்த ஒரு குழுவை ஆராய்ந்தால், பண்பாடு அல்லது வாழ்நிலை வேறுபாடுகூட மரபணுவின் விளைவுபோலத் தோன்றலாம். குறு மாற்றுரு மிகுந்த கிழக்காசிய நாடுகளில் மனச்சோர்வு அதற்கேற்ப மிகுதியாகப் பதிவாகவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

மூன்றாவது காரணம் உயிரியல் சார்ந்தது. நிணநீர் உயிரணுவில் காணப்பட்ட செயலளவு வேறுபாடு ராஃபே நரம்பணுவிலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வதற்கில்லை. இரண்டிலும் உள்ள படியெடுப்புக் காரணிகள் வேறு. உயிருடன் உள்ளோரின் மூளையில் கடத்துப்புரதத்தின் அளவைப் படிமமெடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், மாற்றுருவுக்கேற்ற வேறுபாடு ஒருசீராகக் காணப்படவில்லை. கருப்பருவம் முதல் புரதத்தின் அளவு சற்றுக் கூடியோ குறைந்தோ இருந்தால், ஏற்பிகளும் பிற நொதிகளும் அதற்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ளவும் கூடும்.

இதனையொத்த மற்றொரு முன்னியக்கி

மோனோ அமீன் ஆக்சிடேசு-ஏ என்னும் நொதி, செரோடோனின் உள்ளிட்ட நரம்புக்கடத்திகளைச் சிதைக்கிறது. இதன் மரபணு எக்சு நிறப்புரியில் உள்ளது. இம்மரபணுவின் முன்னியக்கியிலும் 30 எழுத்துகள் கொண்ட ஓர் அலகு திரும்பத்திரும்ப வருகிறது என்பதும், அதன் எண்ணிக்கைக்கேற்பச் செயலளவு மாறுகிறது என்பதும் 1998 இல் அறிவிக்கப்பட்டன. செயலளவு குறைந்த வகையை வன்செயலுடன் இணைத்து வன்முறை மரபணு என்னும் பெயரும் சில இதழ்களில் வழங்கியது. 2009 இல் இத்தாலியின் திரியெசுத்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலைக்குற்றம் செய்த ஒருவரின் தண்டனையை ஓராண்டு குறைத்தபொழுது, இம்மரபணு பற்றிய சோதனை முடிவையும் கருத்தில் கொண்டது. ஒரு முன்னியக்கி வரிசையிலிருந்து தனிமனிதரின் நடத்தையை ஊகிக்க இயலாது என்று மரபியலாளர் பலர் இதனைக் குறைகூறினர்.

மருத்துவத்தில் இதன் இடம்

மனச்சோர்வு மருந்துகளைத் தெரிவு செய்வதற்கென விற்கப்படும் மரபணுச் சோதனைகள் சிலவற்றில் கடத்துப்புரத முன்னியக்கியும் சேர்க்கப்பட்டுள்ளது. மருத்துவ மரபுமருந்தியல் செயலாக்கக் கூட்டமைப்பு 2023 இல் வெளியிட்ட வழிகாட்டி, இம்முன்னியக்கி வகையைக் கொண்டு மருந்தையோ அளவையோ தீர்மானிப்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் கூறுகிறது. மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிலவற்றின் மரபணுக்களைப் பொறுத்தவரை அதே வழிகாட்டி பரிந்துரைகளை வழங்குகிறது.

ஆகவே, குறு-குறு வகை என ஒருவருக்குச் சோதனை முடிவு வந்தால், அவருக்கு மனச்சோர்வு வரும் என்று பொருள் அன்று. நெடு-நெடு வகை என வந்தால், அது காப்பும் அன்று. மனச்சோர்வு மருந்துகள் செயல்படுவது கடத்துப்புரதத்தின் மீதே அன்றி, அதன் முன்னியக்கியின் மீது அன்று. எனவே முன்னியக்கி பற்றிய கருதுகோள் உறுதிப்படாததால் அம்மருந்துகள் பயனற்றவை ஆகிவிடுவதில்லை.

இன்றைய நிலை

மனச்சோர்வில் மரபுவழிப் பங்கு உண்டு என்பது இரட்டையர் ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. அப்பங்கு ஒன்றிரண்டு மரபணுக்களில் இல்லை, மரபுத்தொகை முழுவதும் சிதறிக் கிடக்கிறது என்பதே இன்றைய புரிதல். 2019 இல் 8,07,553 பேரின் தரவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, மனச்சோர்வுடன் தொடர்புடைய 102 மரபு வேறுபாடுகளை இனங்கண்டது. அவை ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. இத்தகைய வேறுபாடுகளில் பெரும்பாலானவை புரதக் குறியீட்டுப் பகுதிகளுக்கு வெளியே அமைந்துள்ளன. கட்டுப்பாட்டு வரிசைகளே முதன்மையானவை என்னும் பழைய எண்ணத்தை இது ஒருவகையில் ஆதரிக்கிறது. தவறாகிப்போனது, அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து அதன் மேல் ஒரு நோயின் முழுப் பளுவையும் ஏற்றியதே.

டனீடின் ஆய்வின் ஒரு பகுதி மட்டும் எல்லாத் தொகுப்பாய்வுகளிலும் நிலைத்து நின்றது. வாழ்வில் நேரும் துன்ப நிகழ்வுகள் மனச்சோர்வின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. முன்னியக்கி நெடியதாயினும் குறியதாயினும் இது பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

மரபணு வெளிப்பாடு
படியெடுப்புக் காரணி
நரம்புக்கடத்தி
செரோடோனின்
மனச்சோர்வு

பகுப்பு: மரபியல்
பகுப்பு: நரம்பியல்
பகுப்பு: மூலக்கூற்று உயிரியல்